அண்டி ஆபீசில் ஏஐ: குரல் பதிவிலிருந்து போர்மா சோதனை வரை

"முந்திரியில் புதிதாக என்ன செய்யலாம்?" என்று எந்த ஏஐ செயலியிடமும் கேட்டுப் பாருங்கள். பெரி பெரி முந்திரி, தேன் முந்திரி, சாக்லேட் முந்திரி, முந்திரி வெண்ணெய், கல்யாணப் பரிசுப் பெட்டி என்று வரிசையாக வந்து விழும். பெட்டியின் மேல் எதை வரையலாம் என்று கேட்டால் திருவள்ளுவர் சிலை. குமரி மாவட்டத்தின் கருங்கலில் கேட்டாலும் குழித்துறையில் கேட்டாலும் கொல்லத்தில் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். கொல்லத்தில் சிலை மட்டும் மாறும்.

பட்டியல் மோசம் என்று சொல்லிவிட முடியாது. 2023இல் அமெரிக்காவின் வார்ட்டன், கார்னெல் ஆய்வாளர்கள் சிலர், கல்லூரி மாணவர்களுக்கு 50 டாலருக்குள் விற்கக்கூடிய பொருள் என்ற ஒரே தலைப்பில் மாணவர்கள் தந்த 200 யோசனைகளையும் ஜிபிடி-4 என்ற ஏஐ தந்த 200 யோசனைகளையும் கலந்து, வாங்கக்கூடியவர்களிடம் காட்டினார்கள். மதிப்பில் மேலே வந்த 40இல் 35 இயந்திரத்தினுடையவை. அடுத்த ஆண்டு சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த வேறோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஏஐ துணையோடு எழுதிய சிறுகதைகளைத் தனித்தனியே படித்தவர்கள் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். சேர்த்து வைத்துப் பார்த்தபோது அவை ஒன்றோடொன்று மிகவும் ஒத்திருந்தன. வியாபாரத்தில் இதன் பொருள் எளிது: நல்ல யோசனை எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே விலையில் கிடைக்கிறது. அதனால் அதற்குத் தனி மதிப்பு இல்லாமல் போகிறது.

ஆகவே 30 முதல் 150 பேர் வரை வேலை செய்யும் ஒரு நிறுவனம் ஏஐயை யோசனை கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது வீண். அதன் உண்மையான பயன் இரண்டு கோடிகளில் இருக்கிறது. முன்கோடியில், தளத்தில் என்ன தடைபடுகிறது என்பதைத் திரட்டித் தருவது. பின்கோடியில், சோதனையை ஒழுங்காக வகுத்து, முடிவை மறக்காமல் வைத்திருப்பது. நடுவில் உள்ள தெரிவு மனிதர்களுடையது. கீழே உள்ள முறை முந்திரி ஆலையை, அதாவது நம் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீசை, வைத்து எழுதப்பட்டது. மார்த்தாண்டம் தேன் கூடத்துக்கும், நேந்திரங்காய் சிப்ஸ் போடும் இடத்துக்கும், ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்துக்கும் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

புத்தாக்க மேலாண்மைக்கென்று ஐஎஸ்ஓ 56002 என்ற வழிகாட்டி 2019இல் வந்தது. வாய்ப்பைக் கண்டறிதல், கருத்தை உருவாக்குதல், சரிபார்த்தல், தீர்வாக வளர்த்தல், நடைமுறைக்குக் கொண்டுவருதல் என்று ஐந்து கட்டங்களை அது சொல்கிறது. சான்றிதழுக்கான ஐஎஸ்ஓ 56001, 2024இல் வந்தது. சிறு ஆலைக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஐந்து கட்டங்களையும் சுவரில் எழுதி ஒட்டினால் போதும். பெரும்பாலான இடங்களில் இரண்டாவது கட்டத்தில் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி, மூன்றாவதற்குப் போகாமலே அடங்கிவிடுகிறார்கள்.

முதலில் கணக்கும் காவலும்

ஏஐ வேண்டாம் என்று தடை போட்டால் ஆபீஸ் பிள்ளைகள் சொந்தப் போனில் பயன்படுத்துவார்கள். உங்கள் விலைப்பட்டியல் யாருடைய கணக்கில் ஏறியது என்றே தெரியாது. நிறுவனத்தின் பெயரில் ஒரு வணிகக் கணக்கு எடுப்பதுதான் பாதுகாப்பு. தனிநபர் கணக்கில் நாம் இடும் உரையாடலை, அந்த ஏஐயையே பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளக்கூடும். அமைப்புகளுக்குள் போய் அதை நாமே அணைக்க வேண்டும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றின் வணிகக் கணக்குகளில் அது இயல்பாகவே அணைந்திருக்கும். எதுவானாலும் கணக்கு எடுத்த அன்றே அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கணக்கை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் கொடுத்தால் அழகான பவர்பாயிண்ட் வரும். முதலாளியே வைத்துக்கொண்டால் அவர் ஏற்கெனவே நினைத்ததையே ஏஐ திருப்பிச் சொல்லும். தளத்தில் பத்து வருடமாவது நின்ற சூப்பர்வைசர்தான் பொருத்தம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் அவருக்கு ஒதுக்குங்கள். தட்டச்சு வராவிட்டால் பரவாயில்லை, பேசியே இடலாம்.

ஏஐயில் இடக்கூடாதவை மூன்று: வாங்குவோர் பெயரும் அவர்களுக்குத் தரும் விலையும்; வேலைக்காரர்களின் பெயர், போன் எண், ஆதார், உடல்நிலை; காப்புரிமைக்குப் போடும் எண்ணம் உள்ள செய்முறை. பெயருக்குப் பதில் வா-1, வா-2 என்று குறியீடு போட்டு, எது யார் என்ற பட்டியலைக் காகித நோட்டில் எழுதி மேசையறையில் பூட்டி வைக்கலாம். குரலும் பெயரும் சேர்ந்தால் அது தனிநபர் தரவு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை வலியுறுத்துகிறது. "இந்தப் பதிவு வேலையைத் திருத்த மட்டும், கூலிக்கும் ஆள்குறைப்புக்கும் பயன்படாது" என்று எழுதி, வருகைப் பதிவேட்டின் அருகில் ஒட்டி, வாசித்தும் காட்டுங்கள். அதைச் சொல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

குரலைச் சேர்ப்பது

யோசனைப் பெட்டி என்று ஒன்று பல ஆலைகளில் தொங்கும். திறந்தால் உள்ளே பல்லி முட்டை கிடக்கும். எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள்; பேசச் சொன்னால் பேசுவார்கள். ஒரு வாட்ஸ்அப் எண், இரண்டு வாரம், ஒரு நிமிடத்துக்குள் ஒரு குரல் பதிவு. கேள்வியில் "யோசனை" என்ற சொல்லே வரக் கூடாது. வந்தால் மேடைப் பேச்சு வரும். இப்படிக் கேளுங்கள்: "இன்னைக்கு எந்த எடத்துல சோலி தடைபட்டுது? எதை ரெண்டாவது தடவ செய்ய வேண்டி வந்துது?"

60 பேர் உள்ள இடத்தில் 70, 80 பதிவுகள் சேர்ந்தால் போதும். அவற்றை எழுத்தாக்கும்போதுதான் குமரித் தமிழ் இயந்திரத்தை இடறிவிடும். "கைகழுவ வெள்ளம் இல்ல" என்று ஒருவர் சொல்வார். நம் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். பொதுத் தமிழ் படித்த ஏஐ அதைச் சுருக்கும்போது "வெள்ளப்பெருக்கு தொடர்பான புகார்" என்று எழுதி வைக்கும். "தீனம்" என்றால் நோய் என்பது அதற்குத் தெரியாது. "அண்டி" சில நேரம் "ஆன்ட்டி" ஆகி, "ஆன்ட்டி நனைஞ்சு போச்சு" என்று வந்து நிற்கும். மலையாளம் கலந்து பேசுபவர்களின் பதிவு இன்னும் மோசமாகும்.

இதற்கு மருந்து ஒரு சொற்பட்டியல். முதல் பத்துப் பதிவுகளைச் சூப்பர்வைசரே கேட்டு, 40 சொற்கள் வரை பொருளோடு எழுதட்டும்: வெள்ளம் = தண்ணீர்; தீனம் = நோய்; அண்டி = தோட்டோடு கூடிய முந்திரிக் கொட்டை; போர்மா = பருப்பை உலர்த்தும் சூட்டறை; பீலிங் = பருப்பின் மேல்தோல் உரித்தல்; அவுட்டர்ன் = 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு. ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டியலை முதலில் இட்டுவிட்டு, பிறகு பதிவுகளை இடுங்கள். முடிந்ததும் பத்துக்கு ஒன்று வீதம் எடுத்துக் குரலோடு ஒப்பிடுங்கள். எடுத்ததில் ஐந்தில் ஒன்று தவறினால் அந்தச் சொற்களையும் பட்டியலில் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும்.

தமிழில் இட்டால் செலவு கூடும் என்ற பேச்சு பழையது. செலவு என்பது ஏஐ சொற்களை உடைக்கும் துண்டுகளின் கணக்கு. அப்படித் துண்டாக்கும் முறை மேம்பட்டதால், ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய உதாரணத்தில் ஒரு தமிழ்ப் பத்தி 116 துண்டிலிருந்து 35ஆகக் குறைந்திருந்தது. தைரியமாகத் தமிழிலேயே இடலாம்.

அடுத்து வகைப்படுத்தல். கட்டளை இப்படி இருக்கட்டும்:

"கீழே எண்ணிட்ட 78 பதிவுகள் உள்ளன. எந்த வேலைக் கட்டத்தில் தடை என்பதை வைத்துக் குழுவாக்கு. ஒவ்வொரு குழுவின் கீழும் பதிவு எண்களையும், பேசியவரின் ஒரு வாக்கியத்தை மாற்றாமல் அப்படியேயும் போடு. தீர்வு சொல்லாதே. எந்தக் குழுவிலும் சேராத பதிவுகளைத் 'தனிக்குரல்' என்ற தலைப்பில் முழுமையாகத் தா. எல்லா எண்களும் வந்துவிட்டனவா என்று கடைசியில் எண்ணிக் காட்டு."

எண்ணிக் காட்டச் சொல்வது வேடிக்கைக்காக இல்லை. நீண்ட பட்டியலில் நடுவில் உள்ளவற்றை ஏஐ சத்தமில்லாமல் விழுங்கும். அது எண்ணியதையும் நம்பிவிடாமல் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். "தீர்வு சொல்லாதே" என்ற வரி இல்லாவிட்டால் முதல் பத்தியிலேயே சென்சார் வாங்கச் சொல்லும். எல்லாவற்றையும் விட முக்கியம் தனிக்குரல். பத்துப் பேர் சொன்னது பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்த மின்வெட்டும் மின்விசிறியுமாக இருக்கும். ஒரே ஒருத்தர் சொன்னதில்தான் புதியது கிடக்கும், அதைத்தான் சுருக்கம் முதலில் தொலைக்கும். இப்படி ஒன்று வரலாம்: "போர்மாவுல மேத்தட்டுப் பருப்பு பப்படம் போல நொறுங்குது, கீழத்தட்டுல தோலு உரியவே மாட்டேங்குது."

இதை விடாமல் பிடித்துக்கொள்வோம்.

பிரச்சினைக்கு எண் போடுவது

வேகவைத்து உடைத்தெடுத்த பருப்பைப் போர்மாவில் உலர்த்துவது மேல்தோல் கழன்று வருவதற்காக. அளவுக்கு மேல் உலர்ந்தால் பருப்பு முறுகி, தொட்டாலே பிளக்கும். குறைவாக உலர்ந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டும்போது உடையும். ஆக ஒரே போர்மாவில் இரண்டு தவறும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று அந்தக் குரல் சொல்கிறது. எவ்வளவு நஷ்டம்?

நாளைக்கு 25 மூட்டை ஓட்டும் ஆலை என்று வைப்போம். மூட்டை 80 கிலோ, அவுட்டர்ன் 48. அதாவது மூட்டைக்கு 48 பவுண்டு, 21.8 கிலோ பருப்பு. 25 மூட்டைக்கு சுமார் 544 கிலோ. உடைசல் ஒரு சதவீதம் குறைந்தால் நாளைக்கு 5.4 கிலோ பருப்பு உடைசல் விலையிலிருந்து முழுப் பருப்பு விலைக்கு ஏறும். உங்கள் டபிள்யூ 320 விலைக்கும் உடைசல் விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் நாள் கணக்கு வந்துவிடும். டபிள்யூ 320 என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு என்பதையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

இந்தக் கணக்கை ஏஐயிடம் விட்டால் எங்கே சறுக்கும் தெரியுமா? "அவுட்டர்ன் 48" என்பதை 48 சதவீதம் என்றோ 48 கிலோ என்றோ எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது 27.2 சதவீதம். விடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெருகி, போர்மாவை மாற்றிக் கட்டினாலே லாபம் என்ற முடிவுக்கு வந்து நிற்கும். பவுண்டு, கிலோ, மூட்டை கலந்து புழங்கும் தொழிலில் எண்ணோடு அலகையும் எழுதாமல் எதையும் இடக் கூடாது. கூட்டல் பெருக்கலை உரையாடலில் செய்யவிடாமல், விரிதாளுக்கான சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லி, ஒரு வரியைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

யோசனைக் கூட்டம்

45 நிமிடம், ஆறு பேர்: பீலிங்கில் இரண்டு பேர், போர்மா பார்ப்பவர், கிரேடிங்கில் ஒருவர், கணக்கர், சூப்பர்வைசர். முதல் 20 நிமிடம் ஏஐயைத் திறக்கவே கூடாது. சூப்பர்வைசர் எழுத, மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு மூன்று யோசனை சொல்லட்டும். ஏஐ பட்டியலை முதலில் பார்த்துவிட்டால் பிறகு எல்லோரும் அதன் வாலைப் பிடித்தே போவார்கள். கத்தி பிடிப்பவர் திரையைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்.

பிறகு ஏஐ. "50 யோசனை கொடு" என்று ஒரே மூச்சில் கேட்டால் முதல் 12க்குப் பிறகு அதே சரக்கு வேறு சட்டை போட்டு வரும். ஐந்தைந்தாக, ஒவ்வொரு தடவையும் வேறு கட்டுப்பாட்டோடு கேளுங்கள்: ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல்; 5,000 ரூபாய்க்குள்; போர்மாவைத் தொடாமல், முன்னும் பின்னும் உள்ள வேலையை மட்டும் மாற்றி; வேறு தொழிலில் இதே சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள். கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் உருப்படியாக எதையாவது கொண்டுவரும். ரொட்டி அடுமனையில் தட்டைப் பாதி நேரத்தில் இடம் மாற்றுவது, கருவாட்டைப் புரட்டிப் போடுவது, புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டை இடம் மாற்றித் தொங்கவிடுவது என்று ஒப்புமை தரும். "முத்தத்துல நெல்லு காயப்போட்டா கிண்டி விடமாட்டோமா" என்று கூட்டத்தில் ஒருவர் அதற்கு முன்பே சொல்லியிருக்கவும் கூடும்.

கழிப்பது

கையில் 15 மனித யோசனை, 20 இயந்திர யோசனை. இவற்றை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்து என்று ஏஐயிடம் சொல்வது மிகப் பெரிய தவறு. பட்டியலில் முதலில் உள்ளதற்குச் சலுகை காட்டும், விரிவாக எழுதியதற்குக் கூடக் கொடுக்கும், கேட்பவர் எதை விரும்புகிறார் என்று மோப்பம் பிடித்து ஆமாம் போடும். சந்தேகம் இருந்தால் அதே பட்டியலைத் தலைகீழாக்கி மறுபடி கேளுங்கள், வரிசை மாறும்.

2023இல் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தின் 758 பேரை வைத்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் செய்த சோதனை இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஏஐயின் திறனுக்குள் அடங்கும் வேலைகளை, ஏஐ வைத்திருந்தவர்கள் வேகமாகவும் தரமாகவும் செய்தார்கள். திறனுக்கு வெளியே இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்த ஒரு வேலையில், ஏஐ இல்லாதவர்களைவிட ஏஐ உள்ளவர்கள் சரியான விடை தந்தது 19 சதவீதப் புள்ளி குறைவு. எல்லை எங்கே என்று இயந்திரம் சொல்லாது. போர்மாவின் சூடு அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது.

எனவே கழிப்பது மனிதர் வேலை, மூன்று கேள்வி: ஒரு மாதத்துக்குள் சிறிய அளவில் சோதிக்க முடியுமா? தோற்றால் எத்தனை கிலோ போகும்? நாளைக்கு இதை யார் கையால் செய்வது, பெயர் சொல்ல முடியுமா? மூன்றாவதில்தான் பாதி உதிரும். மிஞ்சும் நான்கைந்தை மட்டும் ஏஐயிடம் கொடுத்து எதிர்க்கட்சி வேலை வாங்குங்கள்: "இது ஆறு மாதத்தில் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள். தோற்றதற்கான ஏழு காரணங்களைச் சொல். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?" இதில் அது கெட்டிக்காரன். மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் பாதி நேரத்தில் இடம் மாற்றுவதுதான் மிஞ்சிய யோசனை என்றால், அதற்காகக் கதவைத் திறக்கும்போது சூடு இறங்கி உலரும் நேரம் நீளும் என்பது போன்ற ஒன்றை எடுத்துக் கொடுக்கும்.

சோதனை

"தட்டு மாற்றும் சோதனைக்குத் திட்டம் தா" என்றால் முதல் ஐந்து நாள் பழைய முறை, அடுத்த ஐந்து நாள் புது முறை என்று எழுதித் தரும். ஆனி ஆடியில் இதைச் செய்தால் உங்களுக்குக் கிடைப்பது மழையைப் பற்றிய முடிவு. "தட்டைத் தவிர வேறு எவை முடிவை மாற்றலாம்?" என்று இரண்டாவதாகக் கேட்டால்தான் மழை, மூட்டை வந்த லாட், உரிப்பவரின் கை, விறகின் ஈரம் எல்லாம் பட்டியலாக வரும். அதை வைத்துத் திருத்திய திட்டம் இது:

வேலை நாள் பத்து. ஐந்தில் மாற்றம், ஐந்தில் பழையபடி. எந்த நாள் எது என்பதைக் காலையில் சீட்டு எடுத்து முடிவு செய்வது. பத்து நாளும் ஒரே லாட். மேல், நடு, கீழ் என்று மூன்று அடுக்கிலிருந்தும் 2 கிலோ வீதம் நாளுக்கு 6 கிலோ. பையில் குறியீடு மட்டும். எந்த அடுக்கு என்று உரிப்பவருக்குத் தெரியக் கூடாது. உரிப்பது தினமும் அதே மூன்று பேர்; எந்தப் பை யாருக்கு என்பதைச் சூப்பர்வைசர் தினமும் மாற்றுவது. உரித்த பிறகு முழுசு, பாதி, உடைசல், தோல் கழலாதது என நான்காகப் பிரித்து 5 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை. மழையா வெயிலா, கதவு எத்தனை முறை திறந்தது, உலர எவ்வளவு நேரம் ஆனது என்பதும் அதே தாளில்.

ஏஐ எழுதித் தராத ஒன்று உண்டு. பீலிங்குக்குக் கூலி கிலோ கணக்கில். சோதனைப் பையைப் பிரித்து எடை போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் கூலி குறையும், குறைந்தால் அவசரம் வரும், அவசரத்தில் உடையும். சோதனை செய்யும் மூன்று பேருக்கும் அந்தப் பத்து நாளும் நாள்கூலியாக, வழக்கமாக அவர்கள் எடுக்கும் தொகைக்குக் குறையாமல் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வெற்றி என்றால் என்ன என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். உதாரணமாக: உடைசல் குறைந்தது 2 சதவீதப் புள்ளி இறங்க வேண்டும்; தட்டு மாற்ற ஆகும் ஆள்நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் எந்த முடிவு வந்தாலும் அதை வெற்றி என்று காட்ட ஏஐ நான்கு பத்தி எழுதித் தரும்.

முறையை மாற்றாமல் புதுப் பொருள் செய்வதானால் (உடைசலை மசாலா தடவி விற்பது, அரைத்து வெண்ணெய் ஆக்குவது) சோதனையின் அச்சு வேறு: எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது. மாசியில் செய்து பார்த்து மொறுமொறுவென்று இருந்தது ஆடியில் சவுத்துப் போகும், எண்ணெய் காறும். இங்கே இரண்டு மழைக்காலம். ஒன்றையாவது கடக்காமல் பொட்டலத்தில் தேதி அச்சடிக்கக் கூடாது. ஆய்வக அறிக்கைக்குத் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். ஏஐ சொல்லும் "6 முதல் 9 மாதம்" எங்கோ குளிரூட்டிய கிடங்கில் வைத்த சரக்கின் கணக்காக இருக்கலாம்.

லேபிளும் சட்டமும்

சட்ட விதியை ஏஐ மணிமணியாகச் சொல்லும், விதி எண் உட்பட. எண் சில நேரம் கற்பனை. உணவுப் பாதுகாப்பு ஆணையத் தளத்தில் மூல ஆவணத்தைத் திறந்து, அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே லேபிளுக்குப் போக வேண்டும். முந்திரி ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள். பொட்டலத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தேன் கூடக்காரர்களுக்கு ஈரப்பதம் 20 சதவீதம் என்பதுதான் கோடு. ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் அவசரமாக எடுத்த தேன் அதைத் தாண்டும், புளிக்கும். ஏஐ எழுதும் விளம்பர வாசகத்தில் அது தெரியாது.

இன்னொன்று, நம் ஆலைகளில் ஓடும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. "குமரி மண்ணின் மணம், எங்கள் தோட்டத்திலிருந்து" என்று ஏஐ இனிக்க இனிக்க எழுதும். அச்சடித்தால் அது பொய் விளம்பரம். மார்த்தாண்டம் தேனுக்கும் மட்டி வாழைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் படித்துவிட்டு முந்திரிப் பொட்டலத்திலும் "புவிசார் குறியீடு பெற்ற" என்று ஒட்டிவிடக்கூடும். குறியீடு உள்ள பொருளுக்கே பதிவு பெற்ற பயனர்தான் அந்தப் பெயரைப் போடலாம்.

காப்புரிமை நினைப்பு இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் தற்காலிக விண்ணப்பம், பிறகுதான் ஊருக்குச் சொல்வது. இணையவழியில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தர வேண்டும். முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று ஏஐயிடம் கேட்டால் இல்லாத காப்புரிமை எண்ணைத் தரும். தேடுவதற்கான சொற்களை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் நீங்களே தேடுங்கள். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் மனிதர் பெயர்தான் வரும். அந்தக் குரல் பதிவை அனுப்பியவரின் பெயரை அங்கே மறக்க வேண்டாம்.

குறிப்பேடும் பலகையும்

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம்: என்ன செய்தோம், எந்த மாதம், என்ன எண் வந்தது, ஏன் ஏற்றோம் அல்லது விட்டோம். தோற்றவற்றுக்கும் அதே பக்கம். இவற்றை நோட்புக்எல்எம் போன்ற, நாம் இட்ட ஆவணங்களிலிருந்தே மேற்கோளோடு விடை தேடித் தரும் கருவியில் சேர்த்து வைத்தால், மூன்று வருடம் கழித்து வரும் புது சூப்பர்வைசர் "போர்மாத் தட்டில் ஏற்கெனவே என்ன செய்து பார்த்தோம்?" என்று கேட்டு விடை பெறலாம். ஏஐக்குக் கொடுக்கும் காசில் மிக நன்றாகத் திரும்பி வருவது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெறும் முன்பே, வாரத்துக்கு அரை மணி நேரம் அவரைப் பேசவைத்து அதிலேயே ஏற்றிவிடுங்கள்.

மாதம் ஒரு கூட்டம், 40 நிமிடம். எத்தனை யோசனை வந்தது என்று எண்ண வேண்டாம். இயந்திரம் இருக்கும்போது அந்த எண்ணுக்குப் பொருளில்லை. குரல் பதிவு வந்த நாளிலிருந்து முதல் சோதனை தொடங்க எத்தனை நாள் ஆனது, எத்தனையை நிறுத்தினோம், எத்தனை பேருக்குப் பதில் சொன்னோம் என்று மட்டும் பாருங்கள்.

கடைசியில் சொன்ன பதில்தான் இரண்டாவது சுற்றுக்குக் குரல் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. பதிவு வந்த 15 நாளுக்குள், வருகைப் பதிவேட்டின் அருகில் ஒரு கரும்பலகையில், ஏஐ நடையில் இல்லாமல் ஆபீசில் பேசும் தமிழில், ஆளுக்கு ஒரு வரி. முடியாது என்றால் ஏன் முடியாது என்பதோடு:

பதிவு 17: போர்மாத் தட்டு. திங்கக்கிழமை சோதனை தொடக்கம், பத்து நாள்.

பதிவு 31: கைகழுவ வெள்ளம். குழாய் மாத்தியாச்சு.

பதிவு 44: பீலிங்குக்குப் புது மிஷின். இப்போ வாங்க மாட்டோம். சின்னப் பருப்பு அதுல கூடுதலா உடையுது. பெருசுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் பாக்க முடியுமான்னு விசாரிக்கோம்.